மார்கழி வாடையும் பாலைவனக் காற்றும்

கார்த்திகை பிறந்ததும் வவுனியா மக்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பர். வடகீழ்த் திசையிலிருந்து புறப்படும் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் நீரை முகந்து வந்து வன்னியின் குளங்களை நிரப்புகின்றது. குளம் வான் பாயும் ஓசையும், பெரும்போக வயலின் பசுமையும் அக்காற்றின் கொடைகளாகும். அதே மாதங்களில், அதே வடகீழ்த் திசையிலிருந்து, மேற்காபிரிக்காவிலும் ஒரு காற்று வீசுகின்றது. ஆனால், அது கடலைக் கடந்து வருவதன்று. சகாராப் பாலைவனத்தைக் கடந்து வருவது. ஆகவே, அது கொண்டு வருவது நீரையன்று, புழுதியை. அதன் பெயர் ஹர்மட்டான்.

இலங்கைத் தமிழாசிரியர் பலர் இக்காற்றை ஒரு காலத்தில் நன்கு அறிந்திருந்தனர். எண்ணெய் வளத்தால் செல்வம் பெருகிய நைஜீரியா, 1976ஆம் ஆண்டிலே அனைவர்க்கும் ஆரம்பக் கல்வி என்னும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிகள் பெருகின; ஆசிரியர்கள் போதவில்லை. இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் ஒப்பந்த அடிப்படையில் அழைக்கப்பட்டனர். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க வல்லவர்கள் வட இலங்கையிலிருந்து பெருந்தொகையாகச் சென்றனர். அவர்களுள் அண்மையில் மணம் முடித்தவர்களும் இருந்தனர்.

அத்தகைய ஒரு தம்பதியைக் கற்பனை செய்து கொள்ளலாம். கணவர் வவுனியாவைச் சேர்ந்தவர்; மனைவி யாழ்ப்பாணத்தவர். பெரியோர் பேசி முடித்த திருமணம். தாலி ஏறிச் சில வாரங்களே ஆன நிலையில் இருவரும் விமானம் ஏறுகின்றனர். ஒருவர் பழக்கம் மற்றவர்க்குத் தெரியாது. அயலிலே மாமியும் இல்லை, மச்சாளும் இல்லை. கானோ நகரத்துப் பள்ளியிலே மாணவர் அவரை 'மாலம்' என்றும், அவளை 'மாலமா' என்றும் மரியாதையுடன் அழைக்கின்றனர். ஹவுசா மொழியில் அவை கற்றோரைக் குறிக்கும் சொற்கள். மார்கழி விடுமுறை வருகின்றது. அப்பொழுது எழுகின்றது முதலாவது கருத்து வேறுபாடு.

கணவருக்குத் தங்கையின் சீதனம் நினைவில் நிற்கின்றது. மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு நைராவும் ஊருக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். மனைவியோ, "இஞ்சாருங்கோ, இவ்வளவு தூரம் வந்துவிட்டு நாலு சுவரைப் பார்த்துக்கொண்டா திரும்புவது?" என்று கேட்கின்றாள். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இத்தகைய வழக்கு அந்நாளில் எத்தனையோ ஆசிரியர் வீடுகளில் நடந்திருத்தல் கூடும்.

இறுதியில் அவர்கள் செலவு குறைந்த வழியைத் தேர்கின்றனர். முதலில் தாம் வாழும் ஊரையே பார்க்கின்றனர். காலையில் ஹர்மட்டான் புழுதி பனிமூட்டம் போல் நகரை மூடியிருக்கின்றது. சூரியன் வெள்ளித் தட்டுப் போல் தோன்றுகின்றான். உதடு வெடிக்கின்றது, கம்பளிச் சட்டை தேவைப்படுகின்றது. வவுனியாவில் தை மாதத்திலும் வெப்பம் பெரிதும் இறங்குவது அரிது. கானோவின் விடியற்காலையிலோ 12 பாகை வரை இறங்குவதும் உண்டு. ஈரமற்ற காற்று பகலின் வெப்பத்தைப் பிடித்து வைக்க மாட்டாது என்பதே இதன் காரணம்.

கானோவின் பழைய மண்மதிலை அடுத்துள்ள கோபர் மாதா என்னும் இடத்தில் அவுரிச் சாயக் குழிகள் உள்ளன. அவை 1498ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டவை என்பது அவ்வூரார் மரபு. ஆழமான குழிகளிலே துணியை மீண்டும் மீண்டும் தோய்த்து, மரக்கட்டையால் அடித்துப் பளபளப்பாக்குகின்றனர். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டிய செய்தியைப் பாடநூலில் கற்பித்தவர்களுக்கு, அக்குழிகள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அடுத்த பயணம் ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள ஜோஸ் மேட்டுநிலத்துக்கு. அங்கே வெள்ளீயச் சுரங்கங்களைத் தோண்டியவர்கள் மண்ணுக்குள்ளிருந்து சுடுமண் தலைகளைக் கண்டெடுத்தனர். நொக் பண்பாடு எனப்படும் அது 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. ஜோஸ் நகர அருங்காட்சியகம் 1952இலே திறக்கப்பட்டது. ஆபிரிக்காவுக்கு வரலாறு இல்லை என்று யாரோ எழுதியதை நம்பி வந்தவர், அச்சிலைகளின் முன்னால் நின்று தம் கருத்தை மாற்றிக் கொள்ளாமல் இருத்தல் இயலாது.

பின்பு யங்காரிக் காடு. அங்கே விக்கி என்னும் ஊற்றின் தெளிந்த நீர் இரவும் பகலும் 31 பாகை வெப்பத்திலே ஓடுகின்றது. திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அறிந்தவர்கள் அந்நீரில் இறங்கும்போது ஊரை நினையாதிருப்பரோ? வறண்ட காலமாதலின், யானைகள் நீர் தேடி ஆற்றங்கரைக்கு வருகின்றன. வன்னியிலே பிறந்த கணவர் யானையின் தடம், லத்தி, ஒடிந்த கிளை ஆகியவற்றைக் கண்டு, அது எவ்வழி சென்றது என்று சொல்லுகின்றார். பட்டணத்தில் வளர்ந்த மனைவி வியந்து கேட்கின்றாள். கணவரின் இளமைப் பருவத்தை அவள் முதன்முதலாக அறிந்தது வவுனியாவில் அன்று, ஆபிரிக்கக் காட்டிலேதான்.

காலம் பின்னர் வேறு கணக்கை எழுதியது. 1980ஆம் ஆண்டளவில் ஒரு டொலரை விட மதிப்புயர்ந்திருந்த நைரா, 1986இல் நாணய மாற்றுமுறை தளர்த்தப்பட்டதும் பெரிதும் வீழ்ந்தது. 'அடுத்த ஆண்டு அனுப்பலாம்' என்று வைத்திருந்த பணம் கரைந்தது. 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று தள்ளி வைத்த பயணமும் பலருக்குக் கைகூடவில்லை. 1983இன் கொடுமைகளுக்குப் பின் ஊர் திரும்புவதும் எளிதாயிருக்கவில்லை. பலர் நைஜீரியாவிலிருந்தே பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா எனப் பிரிந்து சென்றனர்.

எனினும் சேமிப்பு வீண் என்பது இதன் பொருளன்று. தங்கையின் திருமணமும் கடமையே. கடமைக்கு ஒரு பங்கு, காண்பதற்கு ஒரு சிறு பங்கு என்று முதல் மாதத்திலேயே வகுத்துக் கொண்டவர்கள் இரண்டையும் பெற்றனர். இன்றும் மாலைதீவு முதலிய நாடுகளுக்கு இலங்கை ஆசிரியர்கள் செல்லுகின்றனர். புதிதாய் மணந்து செல்வோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. வடகீழ்க் காற்று ஒன்றேயாயினும், அது கடந்து வரும் வழியே மழையையோ புழுதியையோ தருகின்றது. இல்லறமும் அவ்வாறே. இருவரும் சேர்ந்து கடக்கும் வழி எதுவோ, அதுவே பின்னாளில் அவர்கள் வாழ்வுக்கு ஈரம் தருகின்றது.