கப்பல் பயணமும் குடும்பக் கணக்கும்



சென்ற மாதம் என் மாணவி ஒருத்தியின் தாயார் பள்ளிக்கு வந்திருந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். கையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. "டீச்சர், மூன்று இரவு கப்பலில் தாய்லாந்துக்குப் போய் வரலாமாம். எங்கள் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளையில் ரஜூலா கப்பலில் வந்தவர். கண்ணை மூடுவதற்குள் இன்னொரு தடவை கப்பல் ஏறவேண்டும் என்கிறார். கூட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குள் கட்டினால் சலுகையாம். கட்டிவிடலாமா?" என்று கேட்டார்.

நான் அவரை ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ரஜூலா என்ற பெயரைக் கேட்டாலே நம் முதியவர்களின் முகம் மாறும். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை நெருங்க முடியாது. படகில் போய்த்தான் ஏறவேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஊறுகாய்ச் சாடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் நம் மக்கள். ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் அதில் தீப்பிடித்தது. அத்துடன் அதன் ஓட்டமும் முடிந்தது. இன்று கிள்ளானிலிருந்து தமிழகத்துக்கு வழக்கமான பயணிகள் கப்பல் கிடையாது. அன்றைய கப்பல் ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்றைய உல்லாசக் கப்பலோ பினாங்கு, புக்கெட் என்று சுற்றிக் காட்டிவிட்டு, ஏறின இடத்திலேயே இறக்கிவிடும். ஆகவே பாட்டிக்கு வேண்டியது கப்பலா, ஊரா என்று முதலில் கேட்டறிய வேண்டும். ஊர்தான் என்றால், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு. அங்கிருந்து தஞ்சை வழியாகக் காரில் நாகப்பட்டினம் போகலாம்.

கப்பல்தான் என்றால், பணத்துக்கு முன் பத்திரத்தைப் பாருங்கள். பாட்டியின் அடையாள அட்டை என்ன நிறம்? சிவப்பு அட்டை வைத்திருப்பவர் நிரந்தரவாசி, குடிமகன் அல்லர். அவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. இந்தியக் குடியுரிமை உள்ளவரானால் இந்தியத் தூதரகத்தை நாடவேண்டும். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவரானால் குடிநுழைவுத் துறையில் வேறு பயணப் பத்திரம் கேட்கவேண்டும். திரும்பி நாட்டுக்குள் வரும் அனுமதியையும் அப்போதே விசாரியுங்கள். இதற்கெல்லாம் மாதக் கணக்கில் ஆகலாம். நீல அட்டை உள்ளவர்களுக்குச் சிக்கல் குறைவு. கடப்பிதழ்க் கட்டணம் 200 வெள்ளி. அறுபது வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி. பழைய கடப்பிதழ் இருந்தால், பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துக் கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் நம்மில் பலருக்கு அட்டையில் இருக்கிறது. டிக்கெட்டிலும் அதே எழுத்துகள் இருக்கவேண்டும்.

அடுத்தது பணம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது படுக்கை அறைக் கட்டணம். துறைமுகக் கட்டணம் தனி. கப்பல் ஊழியருக்கான அன்பளிப்பு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வரும். நான்கு பேர் மூன்று இரவு போனால் அதைப் பன்னிரண்டு தடவை கட்டுகிறீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் அதிகம். எனவே பயணக் காப்புறுதி எடுக்காமல் முதியவரை அழைத்துச் செல்லாதீர்கள். கப்பலில் பல செலவுகள் வெளிநாட்டு நாணயத்தில் கணக்கிடப்படும். சூதாட்டக் கூடமும் இருக்கும். குடும்பத் தலைவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

டிக்கெட்டை பிரிக்பீல்ட்ஸில் வாங்கினாலும் கிள்ளானில் வாங்கினாலும், அந்த முகவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் உண்டா என்று பாருங்கள். போகாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள். சைவச் சாப்பாடு வேண்டுமானால் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். ஊறுகாய்ச் சாடியை இப்போது பெரும்பாலும் ஏற்றவிடமாட்டார்கள்!

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது புக்கெட் பக்கம் அலை அதிகம். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். இன்னொன்று: புக்கெட்டில் சில கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். நாகப்பட்டினம் மாதிரிதான். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இடத்திலும் குழப்பம் உண்டு. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் பழைய துறைமுகத்தில் இறங்குவோம். உல்லாசக் கப்பல் முனையமோ புலாவ் இன்டா தீவில் இருக்கிறது. பாலம் கடந்து காரில் போகவேண்டும்.

அந்தத் தாயார் வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் அட்டையை எடுத்துப் பார்த்தார். சிவப்பு. விளம்பரத் தாளின் அடியில், கட்டிய பணம் திரும்பத் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. கூட்டுப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டார். பாட்டியின் பத்திரத்துக்காக இப்போது அலைகிறார்.

இதற்கிடையில் நான் ஒரு யோசனை சொன்னேன். அதே கொமுட்டர் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து கேத்தாம் தீவுக்குப் படகு போகிறது. செலவும் குறைவு. பாட்டியின் உடம்பு கடலைத் தாங்குமா என்று அதில் பார்த்துவிடலாம் அல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை போய் வந்தார்கள். பாட்டி சன்னலோரம் உட்கார்ந்து, போகும்போதும் வரும்போதும் கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். வாந்தி எடுத்தது என் மாணவிதான்.