ஒரு கால் மட்டும் வீங்கினால்

கிள்ளான் அருகே மேருவில் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்பவர்களுக்கும் லோரி ஓட்டுபவர்களுக்கும் கால்வலி பழகிப்போன ஒன்று. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாகி வலித்தால், தயவுசெய்து தைலம் தேய்த்து உருவிவிடாதீர்கள். உள்ளே ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 999-ஐ அழையுங்கள்.

ரத்தக்கட்டி இருந்தால் டாப்ளர் ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும். ஹெபாரின் ஊசியோ வார்ஃபரின் போன்ற மாத்திரையோ கட்டி வளராமல் தடுக்கும். மெல்ல மெல்லக் கரைப்பது உடம்பின் வேலை. கால் நீலம் பாய்ந்தால் மெல்லிய குழாய் செலுத்தி மருந்தாலேயே கரைப்பார்கள். வீக்கம் வற்றியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைந்தது 3 மாதமாவது தேவைப்படும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் தினமும் ஒரே அளவில் சாப்பிடுங்கள்.