ஸ்டாண்ட்பை இருக்கிறது, ஓடுமா?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒருமுறை எங்கள் ஆலையில் ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றுவிட்டது. ஸ்டாண்ட்பை பம்ப் நல்லாத்தான் இருந்தது, ஆனால் வால்வு மூடிக் கிடந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான்!

எலிக் கருவைப் பற்றிப் படித்தபோது அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவிலும் அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. ஒன்று பழுதானால் மற்றது பார்த்துக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்?

1984-இல் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானி குழுவினரும், அமெரிக்காவில் மெக்ராத், சோல்ட்டர் இருவரும் கருவுற்ற எலிமுட்டையில் உட்கருக்களை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் தாய்வழி என்றால் கரு ஓரளவு வளர்ந்தது, நஞ்சுக்கொடி தேறவில்லை. இரண்டும் தந்தைவழி என்றால் ஏறக்குறைய நேர்மாறு. ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை.

1991-இல் காரணம் துலங்கியது. ஐ.ஜி.எஃப்-2 என்ற வளர்ச்சி மரபணுவின் பழுது அப்பாவிடமிருந்து வந்தால் குட்டியின் எடை சுமார் 60 சதவீதம்தான். அதே பழுது அம்மாவிடமிருந்து வந்தால் ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அம்மா தந்த பிரதி பெரும்பாலான திசுக்களில் முதலிலிருந்தே மூடித்தான் இருக்கிறது. சில மரபணுக்களில் இது தலைகீழ்.

இரண்டு இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள், நண்பர்களே. வால்வைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.