பெயர் சொல்லி அழைக்க ஒருவர்



தீய வழியில் போகும் இளைஞரைக் கண்டதும், "பயம் விட்டுப் போயிற்று" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களில் பலரிடம் பயம் நிறையவே இருக்கிறது. இல்லாதது நாளையைப் பற்றிய நம்பிக்கை.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டொலோரஸ் மிஷன் என்னும் ஏழைப் பங்கு உள்ளது. இயேசு சபை அருள்பணியாளர் கிரெகரி பாயில் 1986இல் அங்குப் பங்குத்தந்தையானார். அப்பகுதியில் வன்முறைக் கும்பல்கள் பல இருந்தன. அவற்றில் சிக்கி மாண்ட 200க்கும் மேற்பட்ட இளையோரை அவர் அடக்கம் செய்திருக்கிறார்.

அவர்கள் ஏன் கும்பலில் சேர்ந்தார்கள்? வீட்டில் அடி, குடி, வறுமை. பள்ளி வெளியே அனுப்பியது. வேலை கிடைக்கவில்லை. இருபது வயதைத் தாண்டுவோம் என்றே எண்ணாதவனுக்கு உயிரைப் பணயம் வைப்பது பெரிதாகத் தோன்றாது. வளரிளம் பருவத்தினர் தனியே இருப்பதைவிட, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதிகம் துணிகிறார்கள் என்று உளவியலாரும் சொல்கிறார்கள். கும்பல் அவனுக்கு ஒரு பெயரும், நிற்க ஓர் இடமும் கொடுத்தது.

அதே பெயரையும் இடத்தையும் அந்தப் பங்கு கொடுக்க முன்வந்தது. 1988இல் அவர்களுக்கென ஒரு பள்ளி தொடங்கி, வேலையும் தேடித் தந்தது. 1992இல் ஒரு பேக்கரி பிறந்தது. எதிரெதிர்க் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் அங்கே அருகருகே நின்று மாவு பிசைந்தார்கள். ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்று வளர்ந்துள்ள அப்பணி இன்று வேலையோடு மனநல ஆலோசனையும் தருகிறது; உடலில் குத்திய கும்பல் அடையாளங்களை இலவசமாக நீக்குகிறது.

காணாமற்போன மகன் உவமையை நினைத்துப் பார்ப்போம். தந்தை வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார். மூத்த மகனுக்கோ, திரும்பி வந்தவனைத் தம்பி என்று சொல்லவே வாய் வரவில்லை. நம்மில் பலர் அந்த மூத்த மகனின் இடத்தில்தான் நிற்கிறோம். தெருமுனையில் நிற்கும் பையனை, "அந்தக் கூட்டம்" என்று சொல்லிக் கடந்து போகிறோம்.

இந்த வாரம் அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். பட்டறையோ கடையோ வைத்திருப்பவர்கள், ஒருவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க முன்வருவோம். சிறையிலிருந்து திரும்பி வருபவன் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்தால், அவன் அருகில் போய் அமர்வோம்.

தந்தையே, உம் பிள்ளைகளைத் தம்பி, தங்கை என்று அழைக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.