அடிக்கோடு போட்ட அளவு

பட்டம் பெறும் பிள்ளைகளே, நன்றாக இருங்கள். வாழ்த்து முடிந்தது.

அழைப்பிதழில் என்னை 'வடிவமைப்பு வல்லுநர்' என்று போட்டிருக்கிறார்கள். ஆபீசில் என் பெயர் 'லேயர் போலீஸ்'. கேட் (CAD) மேனேஜர் என்றால் அதுதான் பிழைப்பு. அடுத்தவர் போட்ட டிராயிங்கில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள்.

என் படிப்புக் காலத்தில் மினி டிராஃப்டரோடு டவுன் பஸ் ஏறினால், கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழிக்கவா என்பார். கிராபிக்ஸ் வாத்தியாருக்கு எஸ்.பி. 46 என்ற டிராயிங் விதிநூல் மனப்பாடம். அம்புக்குறி கொஞ்சம் தடித்தாலும் மார்க் போய்விடும். அவரிடம் தப்பித்தவன் எங்கும் தப்பிப்பான் என்று நினைத்திருந்தேன்.

நான் வேலை பார்த்த ஒரு பம்பு கம்பெனியில் போர்டு காலத்து டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அண்ணன். அவர் டிராயிங்கில் கோட்டின் நீளம் 148 மி.மீ. இருக்கும்; மேலே எண் 150 என்றிருக்கும். டைமென்ஷனைக் கையால் டைப் செய்துவிடுவார். பேட்டர்ன் செய்கிறவர் எண்ணைப் பார்ப்பார், பாதகமில்லை. சி.என்.சி. புரோகிராம் போடுகிற பையன் கோட்டைத்தான் எடுப்பான். 2 மி.மீ. குறைந்த பாகம் வந்து நிற்கும்.

பெயர் போட்டு சர்க்குலர் விடச் சொன்னது மேலிடம். நான் டீ வாங்கிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, இந்த 150 எப்படி வந்துச்சுங்க?"

"ஏன் தம்பி, ஸ்கேல்ல இல்லாத அளவுக்கு அடியில கோடு போடோணும்னு உங்க காலேஜுல சொல்லித் தரலீங்களா?"

உற்றுப் பார்த்தேன். கையால் மாற்றிய எண் ஒவ்வொன்றுக்கும் கீழே தடித்த கோடு! டிராயிங் தரங்களில் உள்ள விதிதான் அது. ஷீட்டைச் சுரண்டி அசெம்பிளி முழுவதையும் திரும்ப வரைய வேண்டியிருந்த காலத்தில் அதுதான் நேர்மையான வழி. விதியை மீறுகிறார் என்று நாங்கள் முணுமுணுத்த மனிதர், எங்களுக்கு மறந்துபோன விதியைப் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். டிராயிங்கைப் படிப்பது இப்போது இயந்திரம் என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் அவரை மெஷின் ஷாப்புக்கு அழைத்துப் போனேன். புரோகிராமர் கோட்டை உருவி எடுப்பதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எங்கள் விதிப்புத்தகத்தில் டைமென்ஷன் பக்கத்தை அவரையே எழுதித் தரச் சொன்னேன். அதன்பிறகு டிரெய்னிகள் என்னைவிட அவருக்குத்தான் பயந்தார்கள்.

தரத்தைச் சோதிக்கும் கட்டளை ஆட்டோகேடில் 2002 பதிப்பிலிருந்தே இருக்கிறது. லேயர் தப்பு என்று அது காட்டும். ஏன் தப்பாகப் போட்டார் என்று கேட்காது. எல்லாவற்றையும் லேயர் ஜீரோவில் கொட்டுகிறவரை நான் சோம்பேறி என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் அவருக்கு வேண்டிய லேயர் நம் டெம்ப்ளேட்டில் இருக்காது. சேர்த்துக் கொடுத்தால் சண்டை பாதி குறையும். மீதிப் பாதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அதுவும் டிராயிங்கைக் காட்டி.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? ஏர்பஸ் ஏ380 விமானம் ஒன்றில் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பி. ஹாம்பர்க் குழு கேட்டியா மென்பொருளின் நாலாம் பதிப்பில் வரைந்தது, துலூஸ் குழு ஐந்தாம் பதிப்பில். பொருத்தும்போது கம்பிகளின் நீளம் எட்டவில்லை. 2006இல் விமானங்களை ஒப்படைப்பது தள்ளிக்கொண்டே போனது. தலைமைப் பதவிகளே கைமாறின. இரண்டு குழுவிலும் கெட்டிக்காரர்கள்தான் இருந்தார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் யாரையும் திருத்தாதீர்கள். டெம்ப்ளேட் எந்த டிரைவில் இருக்கிறது, அதைப் போட்டவர் யார் என்று விசாரியுங்கள். ஆள் இன்னும் ஆபீசில் இருந்தால், டீ உங்கள் செலவு.

கல்லூரி முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.