சாலை உயர்கிறது, ஊர் தாழ்கிறது!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சாலை, பாலம், வடிகால் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டார்கள். மேடையில் பேச இதைவிடப் பெரிய விஷயம் இல்லையா என்று சிலர் நினைக்கலாம். சட்டமன்றத்தைப் பற்றியும் நாடாளுமன்றத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். தேநீர்க் கடையில் அமர்ந்து டெல்லி ஆட்சியையே மாற்றி அமைக்கிறோம். ஆனால் நம் கடை வாசலில் ஓடும் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? சிந்தித்துப் பாருங்கள்!

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் படித்த பிள்ளைகள் நாம். இன்று நம் பாதையில் கிடக்கும் இடையூறு ஒரு முள்ளோ கல்லோ அல்ல. தவறாகப் போடப்பட்ட சாலையே இடையூறாகக் கிடக்கிறது. அதை அகற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

தென்மாவட்டங்கள் கண்ட மழை

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை தூத்துக்குடி மாவட்டத்து மக்கள் மறக்க மாட்டார்கள். 17ஆம் தேதி தொடங்கி 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் வழக்கமாகப் பெய்யும் மழையைவிட அதிகமான மழை காயலில் ஒரே நாளில் கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 95 கோடி லிட்டர் தண்ணீர். கணக்குத் தெரிந்த வணிகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தாமிரபரணி கரைபுரண்டது. ஏரல் கடைவீதியில் பண்டகசாலை பண்டகசாலையாகச் சரக்கு நாசமானது. அங்கே ஆற்றுப் பாலம் சேதமடைந்து போக்குவரத்து அறுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே சிக்கித் தவித்தார்கள்.

அப்படிப்பட்ட மழையை எந்த நகராட்சியின் வடிகாலும் தாங்காது. அதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. அன்று வந்த வெள்ளத்துக்கு வார்டு உறுப்பினரைத் திட்டுவதில் நியாயமில்லை. ஆனால் மழை நின்ற பிறகு தண்ணீர் இரண்டு நாளில் வடிந்ததா, பத்து நாள் தேங்கி நின்றதா என்று கேட்கலாம் அல்லவா? ஒரே ஊரில் ஒரு தெரு காய்ந்துவிட, அடுத்த தெருவில் மோட்டார் வைத்து இறைத்தார்களே, அது ஏன் என்று கேட்கலாம் அல்லவா? 95 சென்டிமீட்டர் மழை பேரிடர். ஐந்து சென்டிமீட்டர் மழைக்கே கடைக்குள் தண்ணீர் வந்தால் அது நிர்வாகத்தின் குறை. அந்தக் குறையைத்தான் நாம் சரிசெய்ய முடியும்.

மட்டம் என்ற ஒரே நியதி

தண்ணீருக்கு சாதி கிடையாது, மதம் கிடையாது, கட்சி கிடையாது. அதற்குத் தெரிந்தது மட்டம் ஒன்றுதான். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும். இந்தச் சின்ன உண்மையை மறந்துவிட்டு நம் ஊர்களில் கோடிக்கணக்கில் செலவு செய்கிறார்கள்.

ஒரு தெருவில் தார்ச்சாலை பழுதாகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலைமேலேயே புதிய சாலை போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து சென்டிமீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முறை போட்டால் 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி! தாத்தா காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் பேரன் ஒரு படி இறங்கி நுழைகிறான். நாம் அசல் வீட்டை அப்படியே வைத்திருக்கிறோம். சாலை உயர்ந்து உயர்ந்து வீட்டைப் பள்ளமாக்கிவிட்டது. சாலை புதிதாகப் பளபளக்கிறது என்று ஒப்பந்ததாரருக்கு மாலை போடுகிறோம். அடுத்த மழையில் நம் சரக்கு நனைகிறது.

இதைத் தடுக்க வழியில்லாமல் இல்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உத்தரவு கோப்பில் இருக்கிறது. அது நம் தெருவுக்கு வந்ததா என்று பார்ப்பது யார் வேலை? குறுகிய தெருவுக்குள் இயந்திரம் வராது என்பார்கள். பெரிய இயந்திரம் வராவிட்டால் சிறிய இயந்திரத்தால் கொத்தி எடுக்கலாம். அதற்கான செலவு மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவிடும். ஓரத்துக்கு வந்த தண்ணீர் வடிகாலுக்குள் நுழைய வழி வேண்டும். பல ஊர்களில் வடிகாலின் சுவர் சாலையைவிட உயரமாக நிற்கிறது. சாலையில் தண்ணீர் குளமாக நிற்க, பக்கத்திலேயே வடிகால் காலியாகக் கிடக்கிறது!

இன்னொரு கொடுமையும் உண்டு. இந்த ஆண்டு நிதியில் 100 மீட்டர் வடிகால் கட்டுவார்கள். அது எங்கே சேர வேண்டுமோ அந்த ஓடைவரை கட்ட நிதி இல்லை என்று நிறுத்திவிடுவார்கள். வாய் இருக்கிறது, வழி இல்லை. அது வடிகால் அல்ல, நீண்ட தொட்டி. அதில் மழைநீர் தேங்கும், கொசு பெருகும். எந்த வடிகாலையும் அது சென்று சேரும் கடைசி இடத்திலிருந்து தொடங்கி ஊருக்குள் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

பாலத்திலும் இதே கதைதான். அகலமான ஓடையின் குறுக்கே இரண்டு சிமெண்ட் குழாய்களைப் பதித்து மேலே மண் கொட்டிச் சாலை போட்டால் அது பாலமாகாது. வெள்ளத்தில் வரும் செடி கொடியும் பிளாஸ்டிக்கும் குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். அப்போது அந்தச் சாலையே அணையாக மாறும். தண்ணீர் ஒருபுறம் ஊருக்குள் ஏறும். மறுபுறம் பாலத்தை ஒட்டிய மண்ணை அரித்துக்கொண்டு போகும். பாலம் நிற்கும், பாலத்துக்குப் போகும் சாலை இருக்காது.

யாருடைய சாலை?

புகார் கொடுக்கப் போனால் நம்மைப் பந்தாடுவார்கள். இது நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்பார் நகராட்சி அதிகாரி. ஓடை நீர்வளத் துறைக்குச் சொந்தம் என்பார் இன்னொருவர். பள்ளம் தோண்டியது குடிநீர் வடிகால் வாரியம் என்பார் மூன்றாமவர். எனவே முதல் வேலை, நம் தெருவும் அதன் வடிகாலும் ஓடையும் யார் பதிவேட்டில் இருக்கின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. உரிமையாளர் யார் என்று தெரியாமல் கடன் வசூலிக்க முடியுமா?

உள்ளாட்சி அமைப்புகள் யாருடைய பிச்சையிலும் நடப்பவை அல்ல. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் சாசனத்திலேயே இடம் கொடுத்தன. 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்கள், 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 பொருள்கள். சாலையும் பாலமும் இரண்டு பட்டியலிலும் உண்டு. நாம் கட்டும் சொத்து வரியும் தொழில் வரியும் அங்கேதான் போகின்றன.

ஆனால் அந்த உரிமை எவ்வளவு எளிதில் உறங்கவைக்கப்படும் என்பதையும் பார்த்தோம். 2016 அக்டோபரில் நகர்ப்புற மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழகத்தின் நகரங்களை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். கேள்வி கேட்கக் கவுன்சிலரே இல்லாத அந்தக் காலத்தில் நாம் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்?

கையில் உள்ள ஆயுதங்கள்

இளைஞர்களே, உங்களிடம் கல்லும் கம்பும் வேண்டாம். பேனா போதும்.

ஒவ்வொரு பணிக்கும் ஒரு மதிப்பீடு உண்டு. எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அகலம், எவ்வளவு கனம், பழைய சாலையை எடுக்க எவ்வளவு என்று அதில் வரிவரியாக இருக்கும். வேலை முடிந்ததும் அளந்து எழுதும் அளவுப் புத்தகம் உண்டு. அலுவலகத்தில் அதை எம்-புக் என்பார்கள். அதில் எழுதியதை வைத்துத்தான் பில் பாஸாகும். பணி முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம்வரை ஏற்படும் பழுதை ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்தக் காலம் முடிவதற்குள் புகார் எழுத்தில் போக வேண்டும். முடிந்த பின் கூச்சலிட்டுப் பயனில்லை.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் இவற்றின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதோடு நின்றுவிடவில்லை அந்தச் சட்டம். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தந்திருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது.

கிராமங்களில் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகள் அதே 2022இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. அங்கே போய் உட்காருங்கள். கோரிக்கையைத் தீர்மானமாக எழுத வையுங்கள். கூட்டத்துக்குப் போகாமல் வந்துவிட்டு, நம்மை ஒதுக்குகிறார்கள் என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

நம் வாசலைப் பார்ப்போம்

வணிகப் பெருமக்களே, கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைக்கு முன்னால் வடிகாலின் மேல் சிமெண்ட் போட்டு மூடி, அதன்மேல் படி கட்டி, படியின்மேல் சரக்கை அடுக்கியவர்கள் யார்? தூர் வார வரும் தொழிலாளர் மூடியைத் திறக்க முடியாமல் திரும்பிப் போகிறார். உங்கள் கடைக்கு முன் பத்தடி அடைத்தால் அந்தத் தெரு முழுவதும் அடைத்ததாகவே பொருள். கழிவுநீர்த் தொட்டியின் குழாயை இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டு, நாற்றம் வருகிறது என்று மனு கொடுப்பதில் என்ன நியாயம்?

அடைத்துக்கொண்டால் யாரையோ கூலிக்கு அழைத்துக் குழிக்குள் இறக்குகிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. சாக்கடைக் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. பணம் எவ்வளவு கொடுத்தாலும் போன உயிர் வராது. நம் கடை வாசல் காய்வதற்காக ஒருவருடைய பிள்ளை அநாதையாகக் கூடாது. இயந்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு கான்கிரீட் சாலை போட்டுத் தாருங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. தெருவை மேடாக்கிக்கொண்டால் அங்கு நின்ற தண்ணீர் ஆவியாகிவிடுமா? பக்கத்துத் தெருவுக்குப் போகும். அங்கே பெரும்பாலும் நம்மைவிட ஏழைகள் இருப்பார்கள். அவர்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் அவர்கள் வீட்டில் தண்ணீர் நிற்க நாம் காரணமாகலாமா? ஆகவே நம் மனுவில் நம் மஹல்லாவின் பெயர் மட்டும் இருக்கக் கூடாது. ஓடைவரை உள்ள எல்லாத் தெருக்களின் பெயரும், எல்லாச் சமுதாயத்தவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மனுவை எந்த அதிகாரியும் எளிதில் ஓரங்கட்ட முடியாது.

செய்ய வேண்டியது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இளைஞர்கள் ஒன்று சேருங்கள். கடைவீதியில் தொடங்கி வடிகாலின் வழியே நடந்து, அது முடியும் இடம்வரை போங்கள். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே பாதியில் நிற்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். ஊரில் உள்ள கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் இருக்கும். அதை வைத்துச் சாலை, வாசல், வடிகால் மூன்றின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு வணிகர் சங்கம் நகராட்சி ஆணையரைச் சந்திக்கட்டும். அதற்கு முதல் நாள், சங்கத்தின் தலைவரும் செயலாளரும் தங்கள் கடைப் படியை எடுத்துவிட்டு வரட்டும்!

புதிய சாலைக்குப் பூமி பூஜையும் திறப்பு விழாவும் நடக்கும்போது நாமும் போய் நிற்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். தவறில்லை. ஆனால் வேலை நடக்கும் நாளில் கையில் அளவு நாடாவுடன் நாம் அங்கே நிற்க வேண்டும். அன்று நாம் நின்றால் அடுத்த மழைக்குக் கடை வாசலில் மணல் மூட்டை அடுக்க வேண்டியிராது.

அதற்கான உறுதியை இன்று இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.