கல்லில் எழுதாததைக் கதையில் எழுதியோர்

(கீரனூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் கழகக் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. ஆநிரைப் பூசலில் பட்டவனுக்குத் தமிழி எழுத்துப் பொறித்து எடுத்த கல் அது. ஊர்ப்பூசலில் வீழ்ந்த ஒருவனையும் மறவாத இவ்வினம், 1942–43இல் சப்பானியர் அமைத்த சயாம்–பருமா இருப்புப்பாதையில் மாண்ட பல்லாயிரம் மலாயாத் தோட்டத் தமிழர்க்கு என்ன செய்தது? 415 கி.மீ. நீளப் பாதை அது. அங்கு இறந்த வெள்ளைப் படைஞர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழர்க்கு அங்கு நடுகல் எழுந்தது 2024இல்தான். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண இரயில்' என்னும் புதினத்தை வெளியிட்டதே 1993இல் என்றால், இடையில் கழிந்த அரை நூற்றாண்டு மறதியை என்னென்பது!

அப்போரைக் கண்ணாரக் கண்டு எழுதியவர் ப. சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் மேடானுக்குக் கப்பலேறி, 1946இல் தாயகம் மீண்டவர். அவருடைய 'கடலுக்கு அப்பால்' புதினத்தில் செல்லையா விடுதலைப் படையில் துமுக்கி ஏந்தித் திரும்புகிறான். படைக்குப் போனவன் கடைக்கு ஆகான் என்று கருதும் முதலாளி, தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். மறந்துவிடு என்னும் அறிவுரையே அவனுக்கு மிஞ்சுகிறது. முதலாளியைக் கொடியவர் என்றும் சொல்லிவிட முடியாது. போர் ஓய்ந்தபின் கடை திறந்தாக வேண்டும், பேரேடு எழுதியாக வேண்டும். பிழைப்பு மறதியைக் கேட்கிறது. நெஞ்சு இசைய மறுக்கிறது.

'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியனோ கடலுக்கு அப்பாலிருந்து மதுரைத் தெருக்களை ஒவ்வொன்றாய் நினைக்கின்றான், மீளாமலே மாய்கின்றான். அந்நூலில் அயற்சொற்கள் மண்டிக் கிடப்பது குறையே. ஆயினும் அக்குறைக்காக அதனைத் தள்ளுவார் தமிழர் வரலாற்றில் ஓர் ஏட்டையே கிழித்தெறிவாராவர். 1962அளவில் எழுதி முடித்த அந்நூல் அச்சேறியது 1972இல். பத்தாண்டுகள் கைப்படியாய்க் கிடந்தது! அதன்பின் சிங்காரம் வேறு புதினம் எழுதினாரல்லர், 1997இல் மறைந்தார்.

கீரனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் அக்கரைச் சீமைக்குப் போய் மீளாதார் பேச்சு இருக்கக்கூடும். இன்றிரவே வீட்டு முதியோரை வினவுக. பெயர், ஊர், சென்ற ஆண்டு ஆகிய மூன்றையேனும் ஓர் ஏட்டில் குறித்து வைக்க.